தேங்காய் எண்ணெய் குடித்த சிங்கர்: கொழும்பில் ஐந்து நாட்கள்

முதலாம் நாள்

யாழ்ப்பாணத்தில் நேற்று இரவு ஏறிய பேருந்து இன்று விடியுமுன்னே என்னை வெள்ளவத்தையில் இறக்கிவிட்டது. கையில் மாற்றுடுப்புப் பை ஒன்றும், அதைப்போல மூன்று மடங்கு பாரமான கருவிப் பை ஒன்றும் இருந்தன. ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று தடவை இப்படி வருகிறேன். பழைய கனரகத் தையல் இயந்திரங்களைத் தேடி வாங்கி, பழுது பார்த்து, வேலைக்குத் தேவைப்படுகிறவர்களிடம் விற்பதே என் தொழில். இம்முறை இரண்டு பேர் சொல்லி வைத்திருக்கிறார்கள்: யாழ் நகரில் சப்பாத்துத் தைக்கும் ஐயா ஒருவருக்கு சிங்கர் கம்பனியின் 29கே என்ற தையல் இயந்திரம் வேண்டும், கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்தே பை தைக்கும் தங்கச்சி ஒருவருக்கு, அவர் தொலைபேசியில் சொன்னபடியே எழுதினால், "தோல் தைக்கிற மெஷின்" வேண்டும்.

சொதியோடு இடியப்பம் சாப்பிட்டுவிட்டு நேரே பஞ்சிகாவத்தைக்குப் போனேன். பஞ்சிகாவத்தை என்றால் எல்லோருக்கும் நினைவில் வருவது வாகன உதிரிப்பாகங்கள்தான். ஆனால் பழைய இரும்பு வந்து சேரும் இடத்திற்குத் தையல் இயந்திரத்தின் தலையும், அதாவது மேசையும் மோட்டாரும் இல்லாத மேற்பகுதியும், ஒருநாள் வந்துதான் தீரும். பிரதான வீதிக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் இருந்த கடையொன்றில், கியர்ப் பெட்டிகளுக்கும் ரேடியேட்டர்களுக்கும் நடுவே, பலகைத் தட்டில் மூன்று தலைகள் குந்தியிருந்தன. ஒன்று 29கே. இரண்டாவது 31கே, தையற்காரர்களும் தொழிற்சாலைகளும் முன்பு பாவித்த தட்டையான மேடை கொண்ட இயந்திரம். மூன்றாவதும் ஒரு 31கேதான், ஆனால் எங்கோ விழுந்து அதன் கழுத்து இரண்டாகப் பிளந்திருந்தது. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். அதை ஒட்டவைக்கும் கூலியில் இன்னொரு தலையே வாங்கிவிடலாம்.

இரண்டாவதன் கைச்சில்லைத் தொட்டேன். ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

"அது இறுகிப் போச்சு தம்பி, ஹட்டன் பக்கத்திலேருந்து வந்தது. இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டு போங்க" என்றார் கடைக்கார நானா.

முகத்தகட்டைத் திறந்து ஊசித்தண்டின் மேல் விரல் நகத்தால் சுரண்டினேன். செந்நிறத் துருவை எதிர்பார்த்த இடத்தில் தேன் நிறத்தில் பிசின் போன்ற ஒன்று நகத்தில் ஏறியது. முகர்ந்து பார்த்தேன்: சிக்கு வாடை பிடித்த தேங்காய் எண்ணெய். நம் நாட்டில் அடுப்பங்கரையில் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய் என்பதால், தலைக்குப் பூசும் கையோடு மெஷினுக்கும் இரண்டு சொட்டு விட்டுவிடுகிறார்கள். அது 24 பாகை செல்சியஸ் அளவுக்குக் கீழே உறைந்துவிடும். மலையகக் குளிரில் காலையில் இயந்திரம் சுற்ற மறுக்கும். மறுத்தால் இன்னும் இரண்டு சொட்டு விடுவார்கள். ஆண்டுக்கணக்கில் காற்றுப் பட்டு அது தடித்து, கடைசியில் அரக்குப் போலப் பிடித்துக்கொள்ளும். துருப் பிடித்து இறுகியதும் பிசின் பிடித்து இறுகியதும் வெளிப்பார்வைக்கு ஒன்றேபோல் இருக்கும். முதலாவது பெரும்பாலும் சாவு, இரண்டாவது வெறும் தூக்கம். இந்த வேறுபாட்டை நானாவிடம் சொல்லாமல் 22,000 ரூபாய்க்கு அதை வாங்கியது எனக்குச் சற்று உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் திறந்து பார்க்கும்வரை எனக்கே முழு நிச்சயம் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மேடையில் பதித்திருந்த தொடரிலக்கம் ‘ஒய்’ என்ற எழுத்தில் தொடங்கியது. ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் நகரிலிருந்த கில்போவி தொழிற்சாலை 1921 முதல் 1935 வரை அந்த எழுத்தைப் பொறித்தது. அதன்பின் ‘ஈ’ எனத் தொடங்கும் இரட்டை எழுத்துகள் வந்தன. 31கே, 29கே என்னும் பெயர்களில் உள்ள ‘கே’ கில்போவியைத்தான் குறிக்கிறது. 1980ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆனால் அதன் வாசலில் இருந்த ரயில் நிலையம் இன்றும் ‘சிங்கர்’ என்ற பெயரோடேயே இயங்குகிறது.

29கே மலிவாகக் கிடைக்கவில்லை. அதன் பெயர் எல்லோருக்கும் தெரியும்; சப்பாத்துக்குள் நுழையும் நீண்ட மெல்லிய கையையும், தைக்கும் பொருளை அழுத்திப் பிடித்தபடி எந்தத் திசைக்கும் திரும்பும் பாதத்தையும் பார்த்தவுடன் விலை ஏறிவிடுகிறது. இதில் துணியை நகர்த்தக் கீழே பற்கள் கிடையாது, பாதமே பிடித்து இழுத்துச் செல்லும். அந்த இழுவைக்குரிய இணைப்புகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்போது தையல் சிறுத்துக்கொண்டே வரும். ஆகவே இதை வாங்குகிறவர் தையலின் நேர்த்தியைப் பார்ப்பதற்கு முன் நீளத்தை அளக்க வேண்டும். தையல் நீளத்தை மாற்றும் நெம்பை உச்ச நீளத்தில் வைத்து ஒரு தோல் துண்டில் தைத்தேன். தேயாத இயந்திரத்தில் அங்குலத்திற்கு ஐந்தளவில் வரவேண்டிய தையல் ஏழு வந்தது. அந்த ஏழு தையலைக் காட்டித்தான் 95,000 என்றதை 85,000க்கு இறக்கினேன். சப்பாத்துத் திருத்துவதற்கு ஏழு தாராளமாகப் போதும்.

இரண்டாம் நாள்

கிராண்ட்பாஸில் முச்சக்கரவண்டிகளுக்கு இருக்கையும் கூரையும் தைக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் நானா என்றே அழைத்துக்கொள்வோம், வயதில் யார் மூத்தவர் என்பது இதுவரை தீர்மானமாகவில்லை. அவருடைய பட்டறையின் பின்மூலையில் ஒரு மேசையை எனக்கு ஒதுக்கித் தந்திருக்கிறார். ரெக்சின் வாசமும் பசை வாசமும் கலந்த அந்த மூலையில் இன்று முழுநாளும் 31கேயோடு கழிந்தது.

முதல் விதி, கைச்சில்லைப் பலவந்தமாகச் சுற்றக்கூடாது. நீளமான குழாயைப் போட்டு நெம்பினால் சில்லு சுற்றும், கூடவே உள்ளே ஏதாவதொன்று முறியும். ஊசி, பாதம், பல்தட்டு, மேல்நூலைக் கீழ்நூலோடு பிணைக்கும் ஷட்டில் எல்லாவற்றையும் கழற்றி, ஒரு தகரப் பேணியில் மண்ணெண்ணெய் ஊற்றி, தலையிலுள்ள எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும், இரும்போடு இரும்பு உரசும் ஒவ்வொரு மூட்டிலும் ஊசிக்குழாயால் விட்டேன். அரை மணித்தியாலம் சும்மா இருந்தேன். பிறகு நானாவின் மனைவியிடம் இரவல் வாங்கிய முடி உலர்த்தியால், மண்ணெண்ணெயைத் துடைத்துவிட்டு, மேல்தண்டின் இரு முனைகளுக்கும் சூடு காட்டினேன். சூடு பட்ட பிசின் இளகியபோது பட்டறை முழுவதும் வாடை எழுந்தது, ரெக்சின் வெட்டிக்கொண்டிருந்த பையன் "யார் முறுக்குச் சுடுறது?" என்று திரும்பிப் பார்த்தான்.

பதினொரு மணிக்கு கைச்சில்லு கடுகளவு அசைந்தது. முன்னே கடுகளவு, பின்னே கடுகளவு. அதுதான் இந்தத் தொழிலில் என்னை இருத்தி வைத்திருக்கும் கணம் என்று சொன்னால் மிகையில்லை. ஏறத்தாழ தொண்ணூறு வயதான ஓர் இயந்திரம் உள்ளங்கைக்குள் மெல்ல இடம் கொடுப்பதை, விற்றுக் கிடைக்கும் பணத்தோடு ஒப்பிட எனக்கு மனம் வருவதில்லை. மறுபடி மண்ணெண்ணெய், மறுபடி சூடு, மறுபடி கடுகளவு. பிற்பகல் இரண்டரைக்கு முதல் முழுச் சுற்று வந்தது. அழுக்கெல்லாம் கறுத்த கூழாக ஒழுகி முடிந்தபின் மண்ணெண்ணெயை நன்றாகத் துடைத்தெடுத்து, தண்ணீர்போல் தெளிந்த தையல் மெஷின் எண்ணெயை விட்டு, ஐந்நூறு சுற்றுக் கையாலேயே சுற்றினேன். மண்ணெண்ணெய் கழுவும், ஆனால் வழுக்காது. அதைத் துடைக்காமல் மோட்டாரைப் பூட்டுகிறவர் தான் காப்பாற்றிய தண்டைத் தானே தேய்த்துவிடுவார்.

வெளிப்பூச்சில் கை வைக்கவில்லை. கறுப்பு வார்னிஷின்மேல் மங்கித் தெரியும் பொன் எழுத்துகளை மெஷின் எண்ணெய் தோய்த்த பஞ்சால் ஒற்றி எடுத்ததோடு சரி. தின்னர் பட்டால் அந்த எழுத்துகள் பஞ்சோடு வந்துவிடும்.

பூச்சைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேற்று மாலை திரும்பும் வழியில் வேறொரு கடையில், கண்ணாடிபோல் மினுங்கும் ஒரு சிங்கரை ‘ஹெவி டியூட்டி, தோல் தைக்கும்’ என்று அட்டை எழுதி வைத்திருந்தார்கள். விலை 48,000. அது 15கே, நம் அம்மம்மாமார் சட்டை தைத்த அதே குடும்ப இயந்திரம். தெளிப்பானால் அடித்த வர்ணம் எண்ணெய்த் துளைகளைக்கூட மூடியிருந்தது. தொடரிலக்கத்தின் பள்ளங்களும் நிரம்பியிருந்தன. 15கே நல்ல இயந்திரம். ஜீன்ஸின் மடிப்பையும் மெல்லிய தோலையும் பொறுமையோடு தைக்கும். ஆனால் அதன் ஊசி பொதுவாக 18ஆம் இலக்கத்தோடு நின்றுவிடுகிறது, அதில் மாட்டிய சிறு மோட்டார் நாள்முழுதும் ரெக்சினை இழுத்தால் கைவைக்க முடியாதபடி சூடேறும். தூக்கும்போது இடுப்பு முறிகிறது என்பதற்காக அதைக் கனரக இயந்திரம் என்று விற்பது, பாரமான ஆளையெல்லாம் பயில்வான் என்று சொல்வது போன்றது. 1877ல் சிங்கர் இலங்கைக்கு வந்தது முதல் வீட்டுக்கு வீடு அந்தப் பெயர்மேல் சேர்ந்திருக்கும் நம்பிக்கையை இப்படியான அட்டைகள் தின்றுகொண்டிருக்கின்றன.

மூன்றாம் நாள்

இன்று என் கையாலேயே ஒரு பிழை நடந்தது. ஊசியைப் பிடித்து வைக்கும் திருகாணி கோணலாக நின்றதைக் கண்டு, அதை எடுப்பதற்குத் திருப்புளியைச் சற்று அழுத்தினேன். திருகாணியின் தலை கையோடு வந்துவிட்டது, அதன் தண்டு உள்ளேயே தங்கிவிட்டது. துருவி எடுத்துப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. எப்போதோ ஒருவர் அசல் திருகாணியைத் தொலைத்துவிட்டு, சாதாரண மில்லிமீற்றர் திருகாணி ஒன்றை அடித்து இறுக்கியிருக்கிறார். சிங்கர் தன் திருகாணிகளுக்கென்றே தனிப் புரி வைத்திருந்தது. அங்குலத் திருகாணியும் சேராது, மில்லிமீற்றர் திருகாணியும் சேராது, சேர்ந்ததுபோல் இரண்டு சுற்றுப் போய் மூன்றாவதில் புரியை அழித்துவிடும்.

பழைய சோனகத் தெருவில் எதுவும் கிடைக்கும் என்பார்கள். கடை கடையாக ஏறினேன். ஒருவர் திருகாணியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்து, "இது மெஷின்காரன் சாமான், எங்கக்கிட்ட வராது" என்று திருப்பித் தந்தார். ஆமர் வீதிப் பக்கத்தில் ஒரு லேத் பாஸ் கடைந்து தருவதாகச் சொன்னார். அதற்கு இரண்டு நாள் வேண்டுமாம். அப்போதுதான் பஞ்சிகாவத்தையில் கழுத்து உடைந்து கிடந்த தலை நினைவுக்கு வந்து, வந்த வழியே ஓடினேன். ஊசித்தண்டை அதன் திருகாணியோடு சேர்த்து 2,500 ரூபாய்க்குக் கழற்றித் தந்த கடைக்கார நானா, மற்றத் தலை சுற்றுகிறதா என்று கேட்டார். சுற்றுகிறது என்றேன். தேங்காய் எண்ணெய் விடயத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அடுத்த முறை நான் மோந்து பார்த்துத்தான் விலை சொல்லுவேன்" என்றவர் ஒரு பிளேன்டீயும் வாங்கித் தந்தார்.

மாற்றிய ஊசித்தண்டின் உயரத்தைச் சரிசெய்வதில் மாலை போயிற்று. இந்த இயந்திரங்களின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஊசி அடிப்புள்ளிக்குப் போய் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் மேலெழும்பும்போது, பின்னால் நூல் ஒரு சிறு வளையமாகப் பிதுங்கும். சரியாக அந்த நேரத்தில் ஷட்டிலின் கொக்கி முனை ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே வந்து வளையத்துக்குள் நுழைய வேண்டும். தண்டு தாழ்ந்திருந்தாலும் தையல் தவறும், உயர்ந்திருந்தாலும் தவறும். தொழிற்சாலைக்காரர்களே இதற்காக ஊசித்தண்டில் இரண்டு கோடுகள் கீறி வைத்திருக்கிறார்கள். அடிப்புள்ளியில் மேல்கோடு, கொக்கி ஊசியைத் தொடும்போது கீழ்க்கோடு. முற்காலத்தில் கீறிய அந்த மயிர்க்கோடுகளைக் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் கண்டுபிடித்து, தண்டை ஏற்றி இறக்கி, உருண்டைத் தண்டுள்ள டிபி எக்ஸ் 1 வகை ஊசியை மாட்டி, கையால் சுற்றினேன். நாலாவது தடவை நூல் பிடித்தது.

ஷட்டிலின் முனையில் ஒரு சிறு கீறல் இருந்தது. நகத்தை ஓட்டினால் மட்டும் தெரியும் கீறல். ஆனால் நைலோன் நூலை இழை இழையாகப் பிய்த்துவிட அது போதும். மிக மெல்லிய அரத்தாளால் தேய்த்து, பழைய தோல் வாரில் பளபளப்பு ஏற்றினேன்.

நான்காம் நாள்

காலையில் மழை. புறக்கோட்டை வீதிகளில் கணுக்கால் அளவுத் தண்ணீர்.

தலைக்கு மேசையும் மோட்டாரும் தேடினேன். கட்டுநாயக்க வர்த்தக வலயம் 1978ல் தொடங்கியதிலிருந்து ஆடைத் தொழிற்சாலைகள் மாற்றும்போதும் மூடும்போதும் கழித்துவிடும் மேசைகளும் கிளட்ச் மோட்டார்களும் கொழும்பில் எப்போதும் கிடைக்கும். கிளட்ச் மோட்டார் மலிவுதான். ஆனால் நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,850 சுற்று ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். மோட்டாரின் சில்லு 45 மில்லிமீற்றரும் மெஷினின் சில்லு 90 மில்லிமீற்றரும் ஆனால், மிதியை முழுதாக அழுத்தியதும் நிமிடத்திற்கு 1,400க்கு மேற்பட்ட தையல். பயின்ற காலுக்கு அது பிரச்சினையில்லை. வீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பை தைக்கும் பெண்ணுக்கு அது விரல்மேல் ஓடும் வேகம். வேகத்தைக் குறைத்து வைக்கக்கூடிய, மிதிக்காதபோது மின்சாரமும் எடுக்காத சேர்வோ மோட்டாரையே வாங்கினேன். என் இலாபத்தில் பாதி அதோடு போயிற்று.

பிற்பகல் பட்டறை நானாவின் லொறியில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனோம்.

தங்கச்சி முதலில் கேட்டது, "அண்ணா, கை நீளமா இருக்கிற அந்த மெஷின் இல்லையா? பக்கத்து வீட்டு அங்கிள் அதுதான் தோலுக்கு என்று சொன்னார்" என்பதுதான். 29கே திருத்த வேலைக்குப் பிறந்தது. கிழிந்த சப்பாத்தின் மூக்குக்குள் நுழைந்து தைப்பது அதன் கெட்டித்தனம். நேர்க்கோட்டில் நாளுக்கு இருபது பை தைக்க அதனிடம் கொடுத்தால், அடிக்கொரு தடவை கீழ்நூல் சுற்றிய சின்னஞ்சிறு பொபினை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். தடித்த நூலும் அதற்கு ஆகாது. இதைச் சொல்லி விளங்கப்படுத்துவதைவிட, "நீங்கள் தைக்கிற சாமானையே கொண்டு வாங்கோ" என்றேன். இரண்டு மடிப்பு ரெக்சின், அதன்மேல் தோள்நாடா, கரையில் இன்னொரு மடிப்பு. 18ஆம் இலக்க ஊசி, டெக்ஸ் 70 தடிப்பு நைலோன் நூல். 31கே முனகாமல் ஏறி இறங்கியது.

குறையையும் காட்டினேன். கீழே உள்ள பற்கள் அடி ரெக்சினை மட்டும் இழுப்பதால், நீளமான ஓரத்தில் மேல்மடிப்பு பின்தங்கி, முடிவில் அரை விரல் மிஞ்சி நின்றது. பாதத்தின் அழுத்தத்தைத் தளர்த்தி, மேலே மெல்லிய காகிதத்தை வைத்துத் தைத்துப் பின் கிழித்தெடுத்தால் அது பெரும்பாலும் சரியாகும். முற்றாகச் சரியாக வேண்டுமானால், மேலும் கீழும் சேர்ந்து நகரும் நடைபாதம் கொண்ட இயந்திரம் வேண்டும். அதன் விலை இதைப்போல் பல மடங்கு. 2022ல் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 350க்கு மேல் பாய்ந்ததிலிருந்து அப்படியான புதிய இயந்திரம் ஒற்றை ஆளின் வீட்டுத் தொழிலுக்கு எட்டாததாகிவிட்டது.

"எல்லாம் சரி அண்ணா, ஆனா பார்க்கப் பழசா இருக்கே. கறுப்பு பெயின்ட் ஒன்று அடிச்சுத் தர மாட்டீங்களா?"

மாட்டேன் என்றேன். அதற்குப் பதிலாக 3,000 ரூபாய் குறைத்தேன், அதுவும் நானாவின் மூக்கில் கோபம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே. மாற்றியவை எவை, அசலாகவே விட்டவை எவை, எந்தத் துளையில் வாரம் எத்தனை சொட்டு எண்ணெய் என்று ஒரு தாளில் எழுதி, அடியில் ‘தேங்காய் எண்ணெய் கூடாது’ என்பதற்கு இரண்டு கோடு போட்டுக் கொடுத்தேன். பாதிப் பணம் கையில். மீதி இரண்டு தவணையில்.

ஐந்தாம் நாள்

29கேயைக் கழற்றி, சாக்கில் சுற்றி, நீண்ட கையின் முனைக்கு மட்டும் தனியாகப் பழந்துணியால் கட்டுப் போட்டேன். அந்த முனை நிலத்தில் இடித்தால் 85,000 ரூபாயும் இரும்பு விலைக்கு வந்துவிடும். ஆகவே பேருந்தின் அடிப்பெட்டியில் வைக்க விடாமல் நடத்துனரோடு வாதாடி, என் காலடியிலேயே வைத்துக்கொண்டேன். "உள்ளே என்ன, அண்ணை, சாமிச் சிலையா?" என்று கேட்ட முன்னிருக்கைக்காரருக்குச் சாக்கின் வாயைத் திறந்து காட்டினேன். அவருடைய தகப்பனார் முன்பு மன்னாரில் வள்ளத்துப் பாய் தைத்தவராம். புத்தளம் வரும்வரை பாய்க்கு எந்த ஊசி, எந்த நூல் என்ற கதைதான்.

அதன்பிறகு தொலைபேசி அதிர்ந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு படம்: ரெக்சினின் அடிப்பக்கம் முழுவதும் நூல் சுருள் சுருளாகக் குலைந்து கிடந்தது. "அண்ணா, மேலே நல்லா இருக்கு, கீழே இப்படி. பொபின் பிழையா?"

அடியில் சுருண்டால் குற்றம் மேல்நூலில். பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்திருப்பார்; அப்போது நூல் இறுக்கியின் தட்டுகள் மூடியிருக்கும், நூல் நடுவில் உட்காராமல் விளிம்பிலேயே ஓடும். பாதத்தை உயர்த்தி, நூலை முழுவதும் எடுத்து, முதலிலிருந்து கோக்கும்படி எழுதி அனுப்பினேன்.

அனுராதபுரத்தில் தேநீருக்கு நிறுத்தியபோது இரண்டாவது படம் வந்திருந்தது. அடிப்பக்கத் தையல் நேராக, அங்குலத்திற்கு எட்டு. படத்தின் மூலையில், மெஷின் மேடையின்மேல், மெஷின் எண்ணெய்ப் போத்தல் ஒன்று நின்றது. கடையில் ஒட்டிய விலைச்சீட்டைக்கூட இன்னும் உரிக்கவில்லை.